நடந்த மிருகம்

இரட்டைத் திருகு. ஆறு அறை.
முதல் அறையில் மா வெறும் மா,
எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சிய சோயா,
விரலில் தொட்டால் பச்சை வாடை.
இரண்டாவதில் தண்ணீர் விழும்.
மூன்றாவதற்கு மேல் எனக்குக் கண் இல்லை,
முள் மட்டும்தான் காட்டும்:
நூற்றுப்பத்து, நூற்றுமுப்பது, நூற்றைம்பது.
உள்ளே என்ன நடக்கிறதென்று
மோட்டர் முனகுவதை வைத்துத்தான் சொல்வேன்.
முனகல் தடித்தால் மா இறுகிவிட்டது,
மெலிந்தால் தண்ணி கூடிவிட்டது.

செங்கலடியில் பழைய அரிசி ஆலைக் கொட்டில்.
பகலில் தகரம் கொதிக்கும்,
எங்கள் வேலை இரவு ஏழுக்குத்தான்.

மூன்று வருசமாய்ப் பொரிதான் செய்தோம்.
துளையால் வெளியே வந்ததும்
உள்ளிருந்த தண்ணீர் ஆவியாய் வெடிக்கும்,
மா ஊதிப் பஞ்சாகும், கத்தி சுற்றும்,
பக்கற்றில் அடைத்துக் கல்முனைக்கு அனுப்புவோம்.

பிரதாபனுக்கு அது போதவில்லை.
ஊறினாலும் பஞ்சு, மென்றாலும் பஞ்சு,
இது இறைச்சியா என்று கேட்பார், எங்களையல்ல,
மெசினை.
கடன் வாங்கி ஒரு நீள அச்சு இறக்கினார்:
ஒன்றரை மீற்றர் இரும்பு,
சுற்றிலும் குளிர்தண்ணீர் ஓடும் சட்டை.

சோதித்துச் சொல்ல
ஏறாவூரில் இறைச்சிக்கடை வைத்திருக்கும்
ஆதம்பாவாக் காக்காவைக் கூட்டிவந்தார்.
அவர் வாயில் வைக்கவில்லை முதலில்.
இரண்டு பெருவிரலால் பிளந்து பார்த்தார்.
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
பிறகு மென்றார், நெடுநேரம், மாடு மாதிரியே.

"இது நடந்த மிருகமில்ல புள்ள.
தொடையெண்டா நடந்திரிக்கணும்,
மேயணும், வண்டில் இழுக்கணும்,
அப்பதான் நாரு வரும்."

பிரதாபன் கொப்பியில் எழுதினார்:
நார் குறைவு.
எழுதிவிட்டு வெளியே போய் நின்றார்.

நான் பாலமீன்மடுக்காரி.
முகத்துவாரம் வெட்டுகிற நாளில் பார்த்திருக்கிறேன்:
ஓரத்துத் தண்ணீர் மணலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்,
நடுத்தண்ணீர் எவருக்கும் நிற்காது.
இரண்டுக்கும் நடுவில்
வாவி கோடுகோடாய்க் கிழிபடும்.
மா மட்டும் வேறயா?
ஓரம் குளிர்ந்து பின்தங்க வேண்டும்,
நடு சூட்டோடு ஓட வேண்டும்,
அந்த இழுபறியில்தான் நார்.
நாங்கள் ஓரத்தையும் ஓடவிட்டுக்கொண்டிருந்தோம்.

வியாழன் இரவு சட்டைத் தண்ணீரை
இன்னும் குளிர்த்தினேன்.
திருகை மெதுவாக்கினேன்.
முனகல் தடித்தது. விட்டேன்.
இன்னும் தடித்தது.
நிப்பாட்டு என்று கை போனது, விட்டேன்.
இறுகினால் குழலைக் கழற்றிச் சுரண்ட
இரண்டு நாள், என் சம்பளத்தில்.

இரண்டு மணிக்கு நாக்கு மாதிரி ஒன்று
மெல்ல வெளியே நீண்டது.
வெடிக்கவில்லை. ஊதவில்லை.
மடித்தேன்.
வெள்ளை நூல்கள், நூறு நூறாய்,
நடுவில் கூராகி,
போகிற திசையைக் காட்டிக்கொண்டு.

உப்புப் பார்க்கத் துண்டொன்று எடுத்தேன்.
எடுத்த கை வாயருகில் நின்றது.
விடிந்தால் வெள்ளி.
மூன்று வருசமாய் எத்தனை வெள்ளியில்
பொரியை அள்ளித் தின்றிருப்பேன்.
இன்றைக்கு வைத்துவிட்டேன்,
மூடியில், ஈரத்துணி போட்டு.
பிரதாபனிடம் இதைச் சொல்லவில்லை.
கொப்பியில் எழுத அதற்கொரு கட்டமில்லை.

ஜும்ஆவுக்கு முன்னம் வந்தார் காக்கா.
பிளந்தார். பேசவில்லை.
இன்னொன்று எடுத்து, குறுக்கே இழுத்தார்,
நெடுக்கே இழுத்தார்.

"நடந்திரிக்கி" என்றார். "எங்க?"

குழலைக் காட்டினேன்.
அவர் குனிந்து, கை வைத்து,
சூடு பட்டு எடுத்தார்.

"ருசி உங்கட பாடு.
என்ட கடையில இது தொங்காது."

ஆனால் பேச்சோடு பேச்சாய்
மேசையில் கிடந்த பேப்பரைக் கிழித்து,
துண்டுகளை அடுக்கி, சுருட்டி,
உள்ளங்கையில் ஒருதரம் தூக்கிப் பார்த்து
"அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கூட" என்றார்.

தராசில் வைத்தேன்.
ஐந்நூற்றுப் பதினைந்து.